அங்கன்வாடிக்காகக் குலுக்கல் சீட்டு போடலாமா?

இந்த மாதப் பாடத்தை ஊக்குநர் சத்தமாகப் படிக்கட்டும். மற்றவர்கள் கேட்டு, இடையிடையே நிறுத்திப் பேசலாம். சேமிப்பு வசூல், கடன் தவணை எல்லாம் முடித்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு மனசு நோட்டிலேயே இருக்கும்.

சில மாதங்களாக நாங்கள் போகிற ஊர்களில் எல்லாம் ஒரே கேள்வி வருகிறது. "மேடம், நம்ம அங்கன்வாடிக்கு ஒரு குலுக்கல் சீட்டு போட்டுப் பணம் சேத்தா என்ன? 20 ரூபா டிக்கெட். முதல் பரிசு கிரைண்டர். ஊரே வாங்கும்."

இந்தக் கேள்வி நல்ல மனசிலிருந்து வருகிறது. நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை இருக்கிற இடம் அது. சத்துமாவும் மதியச் சோறும் வாரம் 3 முட்டையும் மட்டும் அல்ல, முதல் பாட்டும் முதல் நிறமும் முதல் சண்டையும் அங்கேதான் கற்கிறார்கள். ஆறு வயசுக்கு முன்னாலேயே மூளை வளர்ச்சியின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. அந்த வயசில் பிள்ளை ஓட்டைப் பாயில் உட்கார்ந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், பின்னால் எவ்வளவு டியூஷன் வைத்தாலும் அந்த நாட்கள் திரும்பி வராது. ஆகவே அங்கன்வாடிக்காகப் பணம் சேர்க்க நினைப்பது சரிதான். அதற்குக் குலுக்கல் சரியான வழியா என்பதைத்தான் பேசப் போகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது

நம்மில் வயசான அக்காமார்களுக்கு ஞாபகம் இருக்கும். 1968-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாடு அரசே பரிசுச் சீட்டு நடத்தியது. விழுந்தால் வாங்கியவருக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று சொல்லி விற்றார்கள். பிறகு பஸ் நிலையத்துக்குப் பஸ் நிலையம் வெளிமாநில லாட்டரிக் கடைகள் வந்தன. கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராமல் நேராக அந்தக் கடைக்குப் போன ஆண்களை நம் தாய்மார்கள் பார்த்தார்கள். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் எல்லா லாட்டரிச் சீட்டு விற்பனைக்கும் தடை வந்தது. பக்கத்துக் கேரளத்தில் 1967-லிருந்து அரசே தனித் துறை வைத்து லாட்டரி நடத்துகிறது. அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் செய்யலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

"அது பெரிய லாட்டரி, நம்மது சின்னது" என்று சொல்வீர்கள். சட்டம் அளவைப் பார்ப்பதில்லை. அரசு நடத்தாத, அரசு அனுமதிக்காத லாட்டரியைக் குலுக்குவதற்கு இடம் வைத்திருப்பது குற்றம். முன்னால் இது இந்திய தண்டனைச் சட்டத்தில் 294ஏ பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 297-வது பிரிவு. 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குலுக்கல் பற்றி நோட்டீஸ் போட்டு விளம்பரம் செய்தாலே தனியாக அபராதம் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு, அங்கன்வாடிக்கு என்றால் பரவாயில்லை என்று அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம், 1979. பொருள் வாங்கியவர்களில் சீட்டு எடுத்துச் சிலருக்கு மட்டும் பரிசு தருவதை அது தடுக்கிறது. சோப்பு, டீத்தூள் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் 'இந்தப் பரிசுத் திட்டம் தமிழ்நாட்டில் செல்லாது' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இந்தச் சட்டம்தான். ஆகவே "டிக்கெட் வேண்டாம், நம்ம கடையில சுண்டல் வாங்கினா கூப்பன் குடுத்துக் குலுக்கலாம்" என்று ஒரு குழுவில் யோசித்தார்களே, அதுவும் ஆகாது.

எது லாட்டரி, எது இல்லை என்று குழம்பினால் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, கலந்துகொள்ளப் பணம் கட்ட வேண்டுமா? இரண்டு, பரிசு உண்டா? மூன்று, யாருக்குப் பரிசு என்பதை அதிர்ஷ்டம் முடிவு செய்கிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்று வந்தால் அது லாட்டரிதான், பெயர் எதுவாக இருந்தாலும். கோலப்போட்டிக்கு 10 ரூபாய் நுழைவுக் கட்டணம் வாங்கி நல்ல கோலத்துக்குக் குடம் கொடுத்தால் அங்கே முடிவு செய்வது கைத்திறமை, அதிர்ஷ்டம் இல்லை. மகளிர் தினக் கூட்டத்தில் பணம் வாங்காமல் பேரைச் சீட்டில் எழுதிப் போட்டு ஒருவருக்கு டிபன் பாக்ஸ் கொடுத்தால் அங்கே யாரும் காசு கட்டவில்லை. தம்போலா அட்டையைக் காசுக்கு விற்று ஆடினால் மூன்றும் வந்துவிடுகிறது.

நாம் மாதாமாதம் போடுகிற குலுக்குச் சீட்டு இதுவா என்று சிலர் கேட்பார்கள். அது வேறு. அதில் போட்ட பணம் எல்லோருக்கும் முறை வைத்துத் திரும்பி வருகிறது. யாருக்கு முதலில் என்பதுதான் குலுக்கல். அதற்குச் சீட்டு நிதிச் சட்டம், 1982 என்று தனிச் சட்டமே இருக்கிறது. பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது அதில் குற்றம். அதைத் தனிப் பாடமாகத்தான் பேச வேண்டும்.

வெளிநாட்டு வழக்கம் வேறு மாதிரி. இங்கிலாந்தில் ஒரு சிறிய சங்கம் தன் ஊர் உள்ளாட்சி மன்றத்தில் பதிவு செய்துகொண்டு, பாலர் பள்ளிக்காகக் குலுக்கல் நடத்தலாம். வசூலில் குறைந்தது 20 சதவீதம் அந்த நல்ல காரியத்துக்குப் போக வேண்டும் என்று விதி. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் படம் எடுத்து அனுப்பினால், அவர்கள் சட்டம் அவர்கள் ஊருக்கு என்று சொல்லிவிடுங்கள்.

ஓர் ஊரில் நடந்தது

ஊர்ப் பெயர் வேண்டாம். 12 குழு, ஏறக்குறைய 160 பெண்கள். அங்கன்வாடியில் 22 பிள்ளைகள். கழிப்பறைக் கதவு உடைந்து சாக்கு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் தெருவோடு நின்றது, பணியாளர் குடத்தில் தூக்கி வருவார். மின்விசிறி இல்லை. பாய் கிழிந்தது. விளையாட்டுப் பொருள் என்று இருந்தது சக்கரம் இல்லாத ஒரு பிளாஸ்டிக் லாரி. எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 ஆயிரம் வேண்டும் என்று கூட்டமைப்பில் கணக்கிட்டு, 20 ரூபாய் டிக்கெட் 1,000 அடித்துவிட்டார்கள். நாங்கள் கூட்டத்துக்குப் போனபோது 140 டிக்கெட் ஏற்கெனவே விற்றிருந்தது.

டிக்கெட்டில் கூட்டமைப்பின் பெயர், அதன் கீழே தலைவியின் கையெழுத்து. அதைத்தான் முதலில் காட்டினோம். "யாரு போலீஸுல சொல்லப் போறா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பக்கத்து ஊரில் கோயில் திருவிழாவுக்குக் குலுக்கல் போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் யாராவது ஒருத்தருக்கு நம் மேல் வருத்தம் இருந்தால் போதும். கடன் கிடைக்காதவர் இருக்கலாம், தேர்தலில் தோற்றவர் இருக்கலாம். ஒரு மனு போதும். அந்த மனுவில் இருக்கப்போவது கையெழுத்துப் போட்ட பெண்ணின் பெயர். திருவிழாக் கமிட்டி ஆண்கள் ஸ்டேஷனுக்குப் போய் வந்தால் ஊர் ஒரு மாதிரி பேசும். நம் பெண் ஒருத்தி போய் வந்தால் ஊர் வேறு மாதிரி பேசும். இது நியாயம் இல்லை, ஆனால் இப்படித்தான் இருக்கிறது.

பிறகு கணக்கைக் கரும்பலகையில் போட்டோம். 1,000 டிக்கெட்டும் விற்றால் 20,000 ரூபாய். பரிசுக்கு: கிரைண்டர் 4,500, மிக்ஸி 2,800, குடம் 900, ஆறுதல் பரிசு 10 டப்பா 1,000. ஆக 9,200. டிக்கெட், நோட்டீஸ் அச்சுக் கூலி 1,300. குலுக்கல் அன்றைக்குப் பந்தல், மைக் செட் 1,500. மொத்தச் செலவு 12,000. அங்கன்வாடிக்கு மிஞ்சுவது 8,000. அதுவும் எல்லா டிக்கெட்டும் விற்றால்தான். 700 விற்றால் கையில் 2,000. 600 விற்றால் ஒன்றுமே இல்லை. அதற்கும் கீழே போனால் கிரைண்டர் வாங்கிய கடைக்கு நாம் கடன்.

விற்காத டிக்கெட் யார் தலையில் விழும்? உறுப்பினர் தலையில்தான். 1,000 டிக்கெட்டை 160 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 6 டிக்கெட்டுக்கு மேல், அதாவது 120 ரூபாய்க்கு மேல். அதே 8,000 ரூபாய் வேண்டுமானால் 160 பேரும் ஆளுக்கு 50 ரூபாய் கொடுத்தால் போதும்! இதைப் போட்டதும் கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் ஒரு அக்கா சொன்னார். "அம்பது ரூபா பெருசில்ல மேடம். கை நீட்டிக் கேக்கத்தான் கூச்சமா இருக்கு. டிக்கெட்டுன்னா ஏதோ ஒரு பொருள விக்கிற மாதிரி. தர்மம் கேக்கிற மாதிரி இல்ல."

இந்தப் பேச்சை ஒவ்வொரு குழுவும் நின்று யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். குலுக்கல் மேல் ஆசை வருவது பேராசையால் இல்லை. கேட்பதற்கு வெட்கம். அந்த வெட்கத்துக்கு ஒரு மறைப்பாகத்தான் டிக்கெட் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த டிக்கெட்டை வாங்கியது யார் என்று 140 அடிக்கட்டைகளையும் புரட்டிப் பார்த்தோம். மாடி வீட்டுக்காரர்கள் ஒன்றோ இரண்டோ வாங்கியிருந்தார்கள். ஐந்தும் பத்துமாக வாங்கியிருந்தது கிரைண்டர் இல்லாத வீடுகள். ஒரு விதவைப் பாட்டி முதியோர் உதவித்தொகையில் 100 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். அவருக்கு அங்கன்வாடி ஞாபகமே இல்லை, "எப்பம்மா குலுக்குவீங்க?" என்றுதான் கேட்டார். குலுக்கல் முடிந்த மறுநாள் பரிசு விழாத அத்தனை பேரும் ஏமாந்த மனசோடு இருப்பார்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்தோம் என்ற நிறைவு யாருக்கும் இருக்காது.

மூன்று நம்பர் லாட்டரி இன்னும் பல ஊர்களில் திருட்டுத்தனமாக ஓடுவது உங்களுக்கே தெரியும். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் அதில் பணத்தை இழந்த ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே, மூன்று பெண் குழந்தைகளோடு, இல்லாமல் போனது. நம் 20 ரூபாய் டிக்கெட்டும் அதுவும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்காரர் சீட்டு வாங்கினால் சண்டை போடுகிற நாமே சீட்டு விற்றால், அடுத்த முறை எந்த வாயால் கேட்போம்?

அந்த ஊரில் 140 டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். இரண்டு இரண்டு பேராக வீடு வீடாகப் போய்க் கொடுத்து அடிக்கட்டையில் கையெழுத்து வாங்கினார்கள். சிலர் "வேண்டாம், பிள்ளைங்களுக்கே வச்சுக்குங்க" என்றார்கள். அதற்கு நன்கொடை ரசீது போட்டார்கள். பாட்டி மட்டும் 100 ரூபாயை வாங்கிக்கொண்டு, அரை மணி நேரம் கழித்து 10 ரூபாயோடு வந்தார்.

எது நம் வேலை, எது அரசின் கடமை

பணம் சேர்க்கும் முன்னால் பட்டியலை இரண்டாகக் கிழிக்க வேண்டும்.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. நம் மாநிலத்தில் எம்.ஜி.ஆர். காலத்தில், 1982 ஜூலை 1-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இந்தச் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் அங்கன்வாடி மையங்கள். இது யாரும் போடுகிற பிச்சை இல்லை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 என்று ஒன்று இருக்கிறது. 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைக்கு அங்கன்வாடியில் இலவச உணவு உரிமை என்கிறது அது. அதே 5-வது பிரிவில் இன்னொரு வரி: ஒவ்வொரு அங்கன்வாடியிலும் சமைக்க வசதி, குடிநீர், கழிப்பறை வசதி இருக்க வேண்டும்.

இதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சமையல், குடிநீர், கழிப்பறை. இந்த மூன்றுக்கும் நாம் 20 ரூபாய் 20 ரூபாயாகச் சேர்த்தால், கடமை உள்ளவர்கள் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த வருஷம் "உங்க குழுதான் நல்லா பண்ணுதே" என்று கூரையையும் நம்மிடமே கொடுப்பார்கள்.

இவற்றைக் கேட்க இடம் கிராம சபை. முன்பு வருஷத்துக்கு 4 முறை. 2022 முதல் தமிழ்நாட்டில் 6 முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நம் ஐந்து குழு சேர்ந்து போனாலே பாதிக்கு மேல் நாம்தான். அந்தப் பலம் நமக்கு இருக்கிறது என்பதே பல குழுவுக்குத் தெரிவதில்லை. மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வாயால் "சரிம்மா, பாத்துக்கலாம்" என்பது தீர்மானம் ஆகாது. நகலை வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுங்கள். இரண்டு கிராம சபை தாண்டியும் நடக்கவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள். தகவல் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் 'எங்கள் மனு என்ன ஆனது' என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பெரிய வேலை, உதாரணமாகச் சுற்றுச்சுவர் என்றால், 'நமக்கு நாமே' திட்டத்தைப் பற்றி வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள். 1990-களில் வந்து, 2021-ல் மீண்டும் கொண்டுவரப்பட்ட திட்டம் அது. பொதுச் சொத்து உருவாக்க மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். மக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று. இந்த ஆண்டுக்கு நிதி இருக்கிறதா, நம் வேலைக்குப் பொருந்துமா என்று கேட்டுவிட்டு வசூலைத் தொடங்குங்கள்.

அந்த ஊரில் இப்படிப் பிரித்ததும் கழிப்பறைக் கதவும் குழாயும் மனுவுக்குப் போய்விட்டன. நம் பக்கம் மிஞ்சியது இரண்டு மின்விசிறி, பாய்கள், விளையாட்டுப் பொருள், சுவர் ஓவியம். 20 ஆயிரம் என்று பயந்தது 8,500-ல் நின்றது.

விளையாட்டுப் பொருளில் பாதிக்குக் காசே தேவையில்லை. தீப்பெட்டி அட்டை, துணிப் பொம்மை, தேங்காய்ச் சிரட்டை, மூங்கில் வளையம், பனை ஓலைக் காத்தாடி, கிலுகிலுப்பை. நம் பாட்டிமார் செய்ததுதான். ஒரு எச்சரிக்கை: புளியங்கொட்டை, குன்றிமணி, சோழி, பட்டன் போன்ற சின்னச் சாமான் வேண்டாம். 3 வயசுக்கு உட்பட்ட பிள்ளை எதையும் வாயில் போடும், மூக்கில் திணிக்கும். குன்றிமணி விஷமும்கூட.

கூச்சப்படாமல் பணம் சேர்க்கும் வழிகள்

நமக்குத் தெரிந்த வழிதான் இருக்கிறது. மொய். கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது யாராவது வெட்கப்படுகிறோமா? பேர், ஊர், தொகை, எல்லாம் நோட்டில் ஏறுகிறது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக நடக்கிறது. 2024-ல் வயநாடு நிலச்சரிவில் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையில் மொய் விருந்து வைத்தார்கள். நாம் பிரியாணி போட வேண்டியதில்லை. அங்கன்வாடி வாசலில் ஒரு மேசை, ஒரு மொய் நோட்டு, ஒரு ரசீதுப் புத்தகம், வந்தவர்களுக்குச் சுக்குக் காப்பி, அவித்த கடலை. ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும். இந்த மொய் திரும்பி வராது. இல்லாவிட்டால் அடுத்த வருஷம் "நான் 500 செஞ்சேனே" என்று கணக்கு வரும்.

இன்னொன்று ஏலம். விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு எலுமிச்சம்பழம் ஏலம் விடுவார்கள், ஒரு பழம் ஆயிரக்கணக்கில் போகும். ஏலத்தில் அதிர்ஷ்டம் கிடையாது. அதிகம் கேட்டவர் பணத்தைக் கொடுத்துப் பொருளை எடுத்துப் போகிறார். நம் ஊரில் அங்கன்வாடிக்கு என்றே ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது கேளுங்கள்: பரங்கிக்காய், ஒரு சேவல், தேங்காய், பின்னிய கூடை, தைத்த பை. பணம் தர முடியாத வீடும் ஒரு சுரைக்காய் தரும். அப்போது அவர்களும் கொடுத்தவர்கள் கணக்கில் வந்துவிடுகிறார்கள். குலுக்கலில் இல்லாத மரியாதை இது.

ஏலத்தில் கவனிக்க வேண்டியது ஆண்களின் வீம்பு. போட்டி போட்டு விலையை ஏற்றிவிட்டு, காசு நாளைக்கு என்பார்கள். கையில் பணம் கொடுத்தால்தான் பொருள் என்று முதலிலேயே மைக்கில் சொல்லுங்கள். குடித்துவிட்டு வந்தவர் கேட்டால் ஏலம் கணக்கில் இல்லை. முதல் பொருளை யார் கேட்பது, முதல் மரியாதை யாருக்கு என்ற பேச்சையே எடுக்க விடாதீர்கள். அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த ஊரில் காணும் பொங்கலன்று பிள்ளைகளின் பாட்டும் ஓட்டப்பந்தயமும் வைத்து, நடுவில் ஏலம் விட்டார்கள். ஒரு பரங்கிக்காய் 310 ரூபாய்க்குப் போனது. சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள். ஏலம், மொய், சுண்டல் கடை எல்லாம் சேர்த்து வரவு 11,340. சுண்டலுக்கும் காப்பிக்கும் ஆன செலவு 1,260. மிச்சம் 10,080. ஏற்கெனவே அடித்த டிக்கெட்டின் அச்சுக் கூலியை இதில் கழிக்கலாமா என்று பேச்சு வந்தது. கூடாது, அது பிள்ளைகளுக்கு என்று வந்த பணம் என்று முடிவாகி, கூட்டமைப்பின் நிர்வாகச் செலவில் எழுதினார்கள். சரியான முடிவு என்பது எங்கள் எண்ணம்.

கணக்கு

இந்தப் பணத்தைக் குழுச் சேமிப்போடு கலக்காதீர்கள். தனி நோட்டு, இரண்டு மூன்று குழுவிலிருந்து 5 பேர் கொண்ட குழு, ரசீதுக்கு அடிக்கட்டை. அன்றைய வசூலை அன்றைக்கே எண்ணி, எண்ணியவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர் கையில் ரொக்கம் கொடுக்க வேண்டாம். அவரை நம்பாமல் அல்ல, நாளைக்கு அவர் மேல் ஒரு பேச்சு வரக் கூடாது என்பதற்காக. பொருளாக வாங்கி, பில்லோடு கொடுத்து, மையத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றினால்தான் அந்த மின்விசிறி மையத்துச் சொத்து. பணியாளர் மாறினாலும் மேலேயே சுற்றும். வரவு செலவை ஒரு தாளில் எழுதி மையத்துச் சுவரில் ஒட்டுங்கள். கடன் கேட்டு வந்த உறுப்பினரிடம் "முதல்ல நன்கொடை" என்று பிடிப்பது கூடவே கூடாது.

அந்த ஊரில் கழிப்பறைக் கதவு இரண்டாவது கிராம சபைக்குப் பிறகு வந்தது. குழாய் இன்னும் வரவில்லை. மனு நடந்துகொண்டிருக்கிறது, பணியாளர் குடம் தூக்கிக்கொண்டிருக்கிறார். அடுத்த கிராம சபைக்கு 12 குழுவும் போவதாகத் தீர்மானம்.

உங்கள் குழுவில் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். நம் அங்கன்வாடியில் என்ன குறை என்று சொல்லச் சொல்லி எழுதி, 'உரிமை', 'நம் பங்கு' என்று இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் வருவதற்குக் கீழே உள்ள மாதிரி மனுவைப் பார்த்து எழுதலாம்.

மாதிரி மனு

அனுப்புநர்: ............ ஊராட்சி மகளிர் சுய உதவிக் குழுக்களின் உறுப்பினர்கள்.

பெறுநர்: தலைவர் / தனி அலுவலர் அவர்கள், ............ ஊராட்சி.

பொருள்: ............ அங்கன்வாடி மையத்துக்குக் குடிநீர் இணைப்பு, கழிப்பறைக் கதவு வேண்டுதல் தொடர்பாக.

ஐயா / அம்மா, வணக்கம். எங்கள் ஊர் அங்கன்வாடி மையத்தில் ...... குழந்தைகள் உள்ளனர். மையத்துக்குள் குடிநீர் இணைப்பு இல்லை. கழிப்பறைக்குக் கதவு இல்லாததால் குழந்தைகள் வெளியே செல்கின்றனர். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013, பிரிவு 5-ன்படி ஒவ்வொரு அங்கன்வாடியிலும் குடிநீர், கழிப்பறை வசதி இருக்க வேண்டும். எனவே இந்தப் பணிகளைச் செய்து தர இன்றைய கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, தீர்மான எண்ணை எங்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நாள்: ............ இடம்: ............

இப்படிக்கு, (உறுப்பினர்கள் பெயர், குழுவின் பெயர், கையொப்பம்)

நகல்: குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர்.